மலையில் வீடு சந்திப்பும் சுகத்துக்கான ஜெபமும்: மிஷன் குழுவினர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நீலகிரிக்கு மிஷன் பயணமாக வரும் வாலிபர் குழுக்களும் பெண்கள் ஐக்கியக் குழுக்களும் கிளம்பும் முன்பு போனில் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எப்படிக் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். வீட்டுக்குள் போனதும் அங்கே யாராவது உடம்புக்கு முடியாமல் படுத்திருந்தால் என்ன செய்வது? கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் என்று ஊருக்கு ஊர் நிலைமை மாறும். ஆனால் நீங்கள் இரண்டு மூன்று நாளில் மலை இறங்கிவிடுவீர்கள், நீங்கள் ஜெபித்த ஆள் அதே வீட்டில்தான் இருப்பார். அதை மறக்காமல் படியுங்கள்.

நற்செய்தி சொல்லத்தானே வருகிறோம். நோயாளிகளுக்காக ஜெபிப்பதும் அவசியமா?

அவசியம். இயேசு எழுபது பேரை இரண்டிரண்டு பேராக அனுப்பியபோது, "அங்குள்ள நோயாளிகளைச் சொஸ்தமாக்கி, தேவனுடைய ராஜ்யம் உங்களுக்குச் சமீபமாய் வந்திருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்" என்றார் (லூக்கா 10:9). இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லி அனுப்பியிருக்கிறார், நாம் பிரிக்க வேண்டாம். தேவன் இன்றும் சுகம் தருகிறார் என்று நான் விசுவாசிக்கிறேன். அந்த விசுவாசம் இல்லாமல், சம்பிரதாயத்துக்காக இரண்டு வரி ஜெபித்துவிட்டு எழுந்து வருவதில் பயனில்லை.

அதே அதிகாரத்தில் "வீட்டுக்குவீடு போகாதிருங்கள்" என்றும் இருக்கிறது. அது தங்கும் வீட்டைப் பற்றிச் சொன்னதுதான். ஆனாலும் ஒரே மாலையில் ஒரு லயன் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) முழுவதையும் முடித்துவிடத் துடிக்கும் குழுக்கள் அந்த வரியைக் கொஞ்சம் யோசிக்கலாம். நான்கு வீட்டில் நிதானமாக உட்கார்ந்தாலே போதும்.

எந்த நேரத்தில், எத்தனை பேர் போவது?

தேயிலைத் தோட்ட வேலை காலையிலேயே தொடங்கிவிடும். பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு பெண்கள் வீடு திரும்பச் சாயங்காலம் ஆகிவிடும். வந்ததும் தண்ணீர், விறகு, சமையல் என்று வேலை இருக்கும். பகலில் போனால் வயதானவர்களும் குழந்தைகளும் மட்டும்தான் இருப்பார்கள், இருட்டிய பிறகு போனால் திரும்பும் வழியில் காட்டெருமை நிற்கும், கூடலூர் பக்கம் யானையும் நிற்கும். அதனால் ஞாயிறு ஆராதனை முடிந்த மத்தியானம்தான் நல்ல நேரம். மற்ற நாட்களில் ஐந்து மணிக்குப் போய் ஆறரைக்குள் திரும்பிவிடுங்கள்.

மூன்று பேருக்கு மேல் ஒரு வீட்டுக்குள் போக வேண்டாம். லயன் வீட்டின் முன்னறையில் அதற்கு மேல் உட்கார இடம் இருக்காது. மூன்று பேரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும், ஒருவர் உள்ளூர் சபையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். உபதேசியாரோ (ஆயருக்கு உதவும் சபை ஊழியர்), சபையில் உள்ள ஓர் அம்மாவோ, அந்த வீட்டுக்குத் தெரிந்தவர் முன்னால் போகட்டும். பழங்குடி மக்களின் குடியிருப்பு காட்டுக்குள் இருந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் கிளம்பாதீர்கள். வெளி மாவட்ட வண்டியில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுத்துவிடுங்கள், 2024 மே மாதத்திலிருந்து அது கட்டாயம்.

வீட்டுக்குள் போனதும் எப்படி ஆரம்பிப்பது?

முதலில் உட்காருங்கள். பிளேன்டீ கொடுப்பார்கள், வாங்கிக் குடியுங்கள். "நேரமில்லைங்க" என்று மறுத்துவிட்டு ஜெபிக்க ஆரம்பித்தால் அந்த வீட்டார் மனம் அங்கேயே மூடிவிடும்.

அப்புறம் கேளுங்கள். வழியில் ஒரு குருடன் சத்தம் போட்டுக் கூப்பிட்டபோது, இயேசு "நான் உனக்கு என்னசெய்யவேண்டும் என்றிருக்கிறாய்" என்று அவனிடமே கேட்டார் (மாற்கு 10:51). பார்த்தாலே தெரிகிற குறைதான், இருந்தும் கேட்டார். நீங்களும் "அம்மா, உங்களுக்காக என்ன ஜெபிக்கட்டும்?" என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். முழங்கால் வீங்கி எழுந்து நடக்க முடியாத ஒரு பாட்டி முழங்காலைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல், திருப்பூருக்கு வேலைக்குப் போன பேரன் போனை எடுப்பதில்லை என்று அழுவார். வீட்டுக்காரர் குடியை நிறுத்த வேண்டும் என்பதுதான் பல பெண்களின் முதல் விண்ணப்பம். அவர்கள் கேட்டதற்காக ஜெபியுங்கள். பார்த்த மாத்திரத்தில் நாமாகவே ஒரு நோயைத் தேர்ந்தெடுத்து ஜெபித்தால் அந்த ஜெபம் அவர்களுடையதாக இருக்காது.

இந்தத் தோட்டங்களில் இருக்கும் குடும்பங்களின் கதையையும் கொஞ்சம் தெரிந்துகொண்டு வாருங்கள். 1964-ஆம் ஆண்டு இந்திய, இலங்கைப் பிரதமர்கள் செய்த சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டு வந்தவர்கள் இங்கே நிறையப் பேர். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968-இல் அரசு தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன, டேன்டீ என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். பிறந்த ஊரை விட்டு வந்த வலி பெரியவர்களின் பேச்சில் இன்னும் இருக்கிறது. "எந்த ஊரு பாட்டி?" என்ற ஒரு கேள்விக்கு அரை மணி நேரம் பதில் வரலாம். அந்த அரை மணி நேரத்தை வீண் என்று நினைக்காதீர்கள்.

சத்தமாக ஜெபிக்கலாமா? நோயின் பெயரைச் சொல்லி ஜெபிக்கலாமா?

லயனில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். நடுச்சுவரைத் தாண்டிப் பேச்சு கேட்கும். நீங்கள் உருக்கமாக, "ஆண்டவரே, இந்தச் சகோதரியின் கர்ப்பப்பையைத் தொடும்" என்று சத்தமாகச் சொன்னால் மறுநாள் கொழுந்து பறிக்கும் இடத்தில் அதுதான் பேச்சாக இருக்கும். காசநோய், எச்.ஐ.வி., குழந்தையின்மை, கருக்கலைப்பு, மனநோய், வீட்டுக்குள் நடக்கும் அடிதடி ஆகியவை சுவருக்கு அப்பால் போகவே கூடாதவை. கல்யாணம் ஆகாத பெண்ணின் வியாதி இன்னும் கவனமாகக் காக்கப்பட வேண்டியது.

மெதுவாக, பக்கத்தில் உட்கார்ந்து, அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி ஜெபியுங்கள். தேவனுக்குச் சத்தம் தேவையில்லை. உங்கள் சபையில் எப்படி ஜெபிப்பீர்களோ அது உங்கள் சபையோடு இருக்கட்டும். ராத்திரி தங்கும் இடத்தில் குழுவாக உட்கார்ந்து அன்றைய அனுபவங்களைப் பகிரும்போதும் இதே கவனம் தேவை. "மூன்றாம் வீட்டு அக்கா" என்று சொன்னாலே உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு யார் என்று தெரிந்துவிடும்.

தலையில் கை வைக்கலாமா? எண்ணெய் பூசலாமா?

கேட்டுவிட்டு வையுங்கள். பெண்களுக்குப் பெண்கள்தான் கை வைக்க வேண்டும், வலிக்கும் இடத்தைத் தொட வேண்டியதில்லை. எண்ணெய் பூசுவதை யாக்கோபு 5:14 "சபையின் மூப்பர்கள்" செய்யும்படி சொல்கிறது. நோயாளியே அவர்களை வரவழைக்கிறார் என்பதையும் கவனியுங்கள். அதனால் அந்த வேலையை உள்ளூர் ஆயருக்கு விட்டுவிடுங்கள். ஜெப எண்ணெய் பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டு வந்து வீடுதோறும் கொடுப்பதை நான் ஒத்துக்கொள்வதே இல்லை. நாம் போன பிறகு அந்த பாட்டில் தாயத்தாகிவிடும்.

"இயேசு உங்களைச் சுகமாக்கிவிட்டார், விசுவாசியுங்கள்" என்று சொல்லலாமா?

சொல்லாதீர்கள். "இயேசு சுகமாக்க வல்லவர்" என்று தைரியமாகச் சொல்லுங்கள், அது உண்மை. "சுகமாக்கும் ஆண்டவரே" என்று கெஞ்சிக் கேளுங்கள், எவ்வளவு பெரிய சுகமானாலும் தயங்காமல் கேளுங்கள். ஆனால் நடந்தது தெரியாமல் "நடந்துவிட்டது" என்று தேவன் பெயரில் அறிவிக்க நமக்கு அதிகாரம் கிடையாது.

இதில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஜெபித்தவர் இறங்கிப் போய்விடுவார். ஒரு வாரம் கழித்தும் வலி அப்படியே இருக்கும்போது நோயாளி தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொள்வார். "எனக்கு விசுவாசம் பத்தலை போல" என்று படுக்கையில் கிடக்கும் ஒருவர் சொல்லக் கேட்பது மிகவும் வேதனையானது. நோயோடு குற்ற உணர்வையும் நாம் சுமத்திவிட்டு வருகிறோம். பவுல் எத்தனை பேரைக் குணமாக்கியவர்! அவரே தன் உடன் ஊழியரைப் பற்றி "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்று எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). துரோப்பீமுவுக்கு விசுவாசம் இல்லை என்று அவர் எழுதவில்லை. தன் சொந்த உடம்பில் முள்ளாக இருந்த உபத்திரவம் நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அவருக்குக் கிடைத்த பதில் "என் கிருபை உனக்குப்போதும்" என்பதுதான்.

முன்னோர் சாபம், மறைவான பாவம் இருந்தால் சுகம் தடைபடும் என்கிறார்களே?

சீடர்கள் பிறவிக்குருடனைப் பார்த்து இதையேதான் கேட்டார்கள். இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று இயேசு பதில் சொன்னார் (யோவான் 9). எனக்கு அது போதும்.

நீலகிரியில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் இருக்கிறது. இங்கே பணியர், குறும்பர், இருளர் முதலான பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் சோகை அதிகம். இது பரம்பரையாக வரும் ரத்த நோய். அப்பா அம்மா இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால் பிள்ளைக்கு நோய் வரும். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து சின்ன ரத்தக்குழாய்களை அடைத்துக்கொள்ளும். அப்போது எலும்புக்குள் தாங்க முடியாத வலி வரும், கண் மஞ்சளாகும். குளிர், காய்ச்சல், தண்ணீர் குடிக்காமல் இருப்பது எல்லாம் வலியைக் கிளப்பிவிடும். அப்படி ஒரு பிள்ளையின் அம்மாவிடம் போய் "உங்க பரம்பரையில ஒரு சாபம் இருக்கு" என்று சொன்னால் என்ன ஆகும்? அவரும் கணவரும் கொடுத்த மரபணுதான் காரணம் என்று மருத்துவர் ஏற்கெனவே சொல்லியிருப்பார். நாம் அதைப் பாவமாக்கிவிட்டு வருவோம். சாபம் என்ற வார்த்தையை வாயிலேயே எடுக்காதீர்கள்.

அந்த வீட்டில் வலி குறைய ஜெபியுங்கள், பிள்ளை நன்றாகத் தண்ணீர் குடிக்கிறதா, கதகதப்பாக இருக்கிறதா, மருந்து தவறாமல் போகிறதா என்று கேளுங்கள். கூடலூரில் 1990-இல் தொடங்கப்பட்ட ஆதிவாசி மருத்துவமனையும், கோத்தகிரியில் 1958 முதல் இயங்கும் நீலகிரி ஆதிவாசி நலச் சங்கமும் இந்த நோயில் அனுபவம் உள்ளவை. பரிசோதனை செய்யாத குடும்பமாக இருந்தால் வழி சொல்லிவிட்டு வாருங்கள்.

ஜெபித்த பிறகு மாத்திரையை நிறுத்தலாமா என்று அவர்களே கேட்டால்?

"நிறுத்தவே நிறுத்தாதீங்க" என்று உடனே, தெளிவாகச் சொல்லுங்கள். "அது உங்கள் விசுவாசத்தைப் பொறுத்தது" என்று நழுவுவது அன்பில்லாத செயல். அவர்கள் கேட்காவிட்டாலும், எந்த மருந்தைச் சாப்பிடுகிறார் என்று தெரிந்தால் ஜெபத்திலேயே அந்த மருந்துக்காக நன்றி சொல்லுங்கள். ஜெபித்தவர்களே மருந்துக்கு நன்றி சொன்னதைக் கேட்டவருக்கு நிறுத்தும் எண்ணம் வராது.

பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் முதலில் ஒன்றுமே தெரியாது. அதுதான் ஆபத்து. சுகம் வந்துவிட்டது என்று தோன்றும், பிறகு ஒரு நாள் பக்கவாதம் வந்து நிற்கும். வலிப்பு மருந்தைத் திடீரென்று விட்டால் வலிப்பு தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பிள்ளைகளுக்கு வரும் சர்க்கரை நோயில் இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே மரணம் வரை போய்விடும். காசநோய்க்குப் பொதுவாக ஆறு மாதம் மருந்து. இரண்டாம் மாதத்திலேயே இருமல் நின்று உடம்பு தேறும், அங்கே விட்டுவிட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறி அந்த லயனில் மற்றவர்களுக்கும் பரவும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ள யாரைப் பார்த்தாலும் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம், சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாயும் கிடைக்கிறது.

ஒரு வீட்டில், முந்தைய ஆண்டு வந்த ஏதோ ஒரு குழுவின் பேச்சைக் கேட்டுப் பிரஷர் மாத்திரை அட்டைகளைப் பிரிக்காமலேயே பீரோவுக்குள் அடுக்கி வைத்திருந்த ஓர் அம்மாவைப் பார்த்தோம். 2021 ஆகஸ்ட் முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கும் மாத்திரைகள் அவை. ஒரு பணியாளர் மாதாமாதம் மேடேறி வந்து கொடுத்ததை ஒரு மாலை நேரப் பேச்சு வீணாக்கியிருந்தது.

சரி, உண்மையிலேயே சுகம் கிடைத்திருந்தால்? சந்தோஷம், மருத்துவரிடம் காட்டுங்கள். குஷ்டரோகிகள் பத்துப் பேரையும் இயேசு "நீங்கள் போய், உங்களை ஆசாரியர்களுக்குக் காண்பியுங்கள்" என்றுதான் அனுப்பினார். சுகத்தைச் சரிபார்க்க அந்தக் காலத்தில் இருந்த வழி அது. தேவன் செய்தது பரிசோதனையில் கரைந்துபோகாது. மாத்திரையைக் குறைப்பதா நிறுத்துவதா என்று மருத்துவரே சொல்லட்டும்.

ஜெபமும் மருந்தும் எதிரெதிர் என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்க மிஷனெரி மருத்துவர் ஐடா ஸ்கடரை நினைவூட்டுகிறேன். பெண் மருத்துவர் இல்லாததால் பிரசவத்தில் பெண்கள் இறந்ததைப் பார்த்து, அதைத் தேவனுடைய அழைப்பாக எடுத்துக்கொண்டு மருத்துவம் படித்தவர். 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்தார். கடைசியில் 1960-இல் கொடைக்கானலில் மறைந்தார். அவருடைய ஜெபத்துக்குப் பதிலாக ஒரு மருத்துவமனை வந்தது.

எப்போது ஜெபத்தை நிறுத்திவிட்டு 108-ஐக் கூப்பிட வேண்டும்?

நிறுத்த வேண்டாம், ஒருவர் ஜெபிக்கும்போதே இன்னொருவர் கூப்பிடட்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க வராமல் போவது, பேச்சுக் குழறல், நிற்காத வலிப்பு, கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு, பாம்புக்கடி, விஷம் குடித்தது. இதில் எதுவானாலும் காத்திருக்காதீர்கள். பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் வந்து, திரும்பி, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்ச் சேர அதில் பெரும்பகுதி போய்விடும். உங்கள் குழு வண்டி பக்கத்தில் நின்றால் அதையே கொடுங்கள். சிக்னல் கிடைக்காத இடங்கள் நிறைய உண்டு, போன் எங்கே எடுக்கும் என்று உள்ளூர்க்காரரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பேய் பிடித்திருக்கிறது, செய்வினை என்கிறார்கள். துரத்தும் ஜெபம் செய்யலாமா?

வந்து போகும் குழு அதைச் செய்ய வேண்டாம். காதில் குரல் கேட்கிறது என்று சொல்பவர், பிரசவத்துக்குப் பிறகு பேச்சை நிறுத்திவிட்ட இளம் தாய், வலிப்பு வரும் பையன் எல்லோரையும் ஊர் ஒரே பெயரில்தான் சொல்கிறது. அவர்களைச் சுற்றி நின்று கத்துவது, அடிப்பது, பட்டினி போடுவது, கட்டி வைப்பது எதுவும் கூடாது. ஏர்வாடி தர்கா அருகே மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6-இல் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல், 28 பேர் இறந்தார்கள். அது வேறு மதத்தாரின் இடம் என்று ஒதுக்கிவிட முடியாது, நம்முடைய ஜெப வீடுகளிலும் சங்கிலி இருந்திருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை முற்றிலும் தடை செய்கிறது. சமாதானத்துக்காக அமைதியாக ஜெபியுங்கள், 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணைக் கொடுங்கள், ஆயரிடம் சொல்லுங்கள்.

கிறிஸ்தவர் அல்லாத வீடுகளில் ஜெபிக்கலாமா? சட்டப் பிரச்சினை வருமா?

அழைத்தால் போங்கள், வேண்டாம் என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். முடியாத நிலையில் இருப்பவர் "ஜெபம் பண்ணுங்க" என்று கேட்டால் மதம் பார்க்காமல் ஜெபியுங்கள். ஆனால் ஜெபத்தையே பிரசங்கமாக்காதீர்கள், சாமி படத்தை எடுக்கச் சொல்லாதீர்கள், மாறினால் சுகம் கிடைக்கும் என்று பேரம் பேசாதீர்கள். அரிசிப் பை, கம்பளி கொண்டு வந்தால் ஜெபத்தோடு சேர்த்துக் கொடுக்காமல் சபை மூலம் தனியாகக் கொடுங்கள்.

அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. கட்டாயம், ஆசைகாட்டல் பற்றி 2002-இல் தமிழ்நாட்டில் வந்த சட்டம் பின்னர் திரும்பப் பெறப்பட்டது. சட்டம் இருக்கிறதோ இல்லையோ, ஆசைகாட்டுவது தவறுதான். சுற்றுலா விசாவில் வந்த வெளிநாட்டு நண்பரை வீடு சந்திப்பில் பிரசங்கம் செய்ய வைக்காதீர்கள், அது விசா விதிக்கு எதிரானது.

படுகர் மக்களின் ஹட்டிகளுக்கு (ஊர்களுக்கு) போகும்போது இன்னும் பணிவு வேண்டும். சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பாசல் மிஷன் 1846-இல் ஊட்டிக்கு அருகே கேத்தியில் வேலை தொடங்கியது. முதல் படுகர் ஞானஸ்நானம் பெற்றது 1858-இல். அங்கேயே குடியிருந்து, மொழி கற்றவர்களுக்கே அவ்வளவு காலம் பிடித்தது. பணியர், படுகர் வீடுகளில் நீங்கள் தமிழில் சுருக்கமாக ஜெபித்துவிட்டு, கூட வந்த உள்ளூர் விசுவாசி அவர்கள் மொழியில் ஜெபிக்க இடம் கொடுங்கள்.

சுகமானவரின் சாட்சியை வீடியோ எடுக்கலாமா? காணிக்கை கொடுத்தால் வாங்கலாமா?

வேண்டாம், இரண்டுமே வேண்டாம். "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்."

மரணப்படுக்கையில் இருப்பவருக்கு என்ன ஜெபிப்பது?

சுகத்தைக் கேட்கலாம், குடும்பத்தார் கேட்கச் சொன்னால் கட்டாயம் கேளுங்கள். ஆனால் புற்றுநோய் முற்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர், பெரும்பாலும், தான் போகப் போவதை அறிந்திருப்பார். சுற்றி இருப்பவர்கள் "எழும்பிடுவீங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பதால் அவர் பேச நினைத்ததைப் பேச முடியாமல் கிடப்பார். "பயமா இருக்காய்யா?" என்று ஒருவராவது கேட்க வேண்டும். லாசருவை எழுப்பப் போவது தெரிந்திருந்தும் இயேசு கண்ணீர் விட்டார். நீங்களும் அழுதால் தவறில்லை. சங்கீதம் 23-ஐ மெதுவாகச் சொல்லுங்கள், அவர் உதடு கூடவே அசையும். வலி அதிகமாக இருந்தால் வலி மருந்து கிடைக்கிறதா என்று வீட்டாரிடம் கேட்டு, இல்லையென்றால் அரசு மருத்துவமனையின் வலி நிவாரணப் பிரிவைப் பற்றிச் சொல்லுங்கள்.

திரும்பிப் போன பிறகு என்ன செய்வது?

கிளம்பும் முன்பு, ராத்திரியே, ஆயரோடும் உபதேசியாரோடும் உட்காருங்கள். எந்த வீட்டில் யார் அனுமதி கொடுத்தார்களோ அவர்கள் பெயரை மட்டும் சொல்லி, என்ன கேட்டார்கள், என்ன சொன்னீர்கள் என்று ஒப்படையுங்கள். மருந்தை விட்டவர், இருமல் நிற்காதவர், சாக வேண்டும் என்று பேசியவர் பெயர்களை முதலில் சொல்லுங்கள், ஊருக்குப் போய் வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்று வைக்காதீர்கள். "அடுத்த மாசம் வர்றோம்" என்று எந்த வீட்டிலாவது வாக்குக் கொடுத்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், அந்த வீட்டார் காத்திருப்பார்கள். உங்களால் வர முடியாவிட்டால் அவர்களுக்கு யார் போய்ச் சொல்வது என்பதையும் அங்கேயே பேசி முடித்துவிட்டு வண்டி ஏறுங்கள்.